அம்மா கேட்டு வாங்கிய அட்டை

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆனபோது, மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனு போடச் சொன்னது அவரேதான். எனக்குப் பிடிக்கவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றபடி வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். அவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பது, இனி இவ்வளவுதான் என்று நானே கையெழுத்துப் போடுவது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் படிவத்தை நிரப்பிய டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். "குளிக்கிறது, உடுத்துறதெல்லாம் யாரு செய்றா?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

"நானே செய்வேன்," என்றார் அம்மா, அதே நேரத்தில்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சட்டை பட்டன் போட எனக்கு இருபது நிமிஷம் ஆவும் டாக்டர். இவளுக்கு வேலைக்கு லேட்டாயிடும். அதான் இவளே போட்டு விட்டுர்றா. எனக்கு முடியாதுன்னு இல்ல லா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் பாசமாகச் செய்ததையெல்லாம் அவர் ஒரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக எழுந்தோம். பட்டன் நழுவும்போதெல்லாம் என் கை தானாக நீளும். "கைய எடு," என்பார்.

அட்டை கைக்கு வந்த வாரமே, பஸ்ஸில் தனியாகப் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வரப்போவதாகச் சொன்னார்.

"விழுந்துட்டா என்னம்மா செய்றது?"

"அட்டைய காட்டுனா நான் உக்கார்ற வரைக்கும் டிரைவர் பஸ்ஸ எடுக்க மாட்டாரு. அதுக்குத்தானே வாங்குனேன்."

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன். அவர் கேட்கவில்லை. அவர் கிளம்பிய அன்று நான் லீவு போட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் காரில் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனேன்.

பாசார் நிறுத்தத்தில் முதலில் கைத்தடி இறங்கியது. பிறகு இழுபடும் இடது கால், அதன்பின் வலது கால். ஒருவர் கை கொடுக்க வந்தார். அம்மா சிரித்தபடி தலையாட்டி மறுத்துவிட்டார். மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசி, அரை கிலோ கெம்போங் மீன் வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது என் கார் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"வேலைக்குப் போவலியா நீ?"

"ஏறிக்கங்கம்மா, வீட்டுக்குப் போலாம்."

"நீ போ. நான் பஸ்லயே வர்றேன்."

மறுநாள் அலுவலகத்தில் வழக்கம்போல, "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். இத்தனை நாளும் பெருமூச்சோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நேத்து தனியா பாசாருக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்தாங்க," என்றேன்.