எதிரணிக் கூட்டத்தில் மிட்சுவே அக்கா

கால்பந்து ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்திலேயே மிட்சுவே அக்கா கறை பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஜப்பானின் ஹகாட்டாவில் முப்பது வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறவர். பந்து எங்கே போகிறது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். எங்கள் அணியில் எவன் சட்டையில் புல்லும் சேறும் ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். "அந்த ஏழாம் நம்பரைப் பாருடா! இஸ்திரி மடிப்புகூடக் கலையல. கல்யாணத்துக்கு வந்திருக்கானா?"

பக்கத்துத் தேநீர்க்கடைக்காரனான நான்தான் வெளியூர் ஆட்டங்களுக்கு அவருக்குத் துணை. போன வசந்தத்தில் கப்பலேறித் தென்கொரியாவின் பூசான் போனோம். வென்றால் அரையிறுதி, எங்கள் ஊர் அணி பதினோரு வருடமாக எட்டிப்பார்க்காத இடம். டிக்கெட் எடுத்தது அக்கா. இருக்கை வரைபடத்தில் சிவப்பாக இருந்த பகுதியில் எடுத்தார். எங்கள் ஊர் மைதானத்தில் சிவப்பு என்றால் நம்முடையது. வேறு யோசனையே அவருக்கு ஓடவில்லை. பூசான் அணியும் சிவப்புதான் என்பது, சுற்றிலும் கொரிய மொழியில் பாட்டு கிளம்பிய பிறகே உறைத்தது. அன்று எங்கள் பையன்கள் வெள்ளையில் ஆடினார்கள். அக்கா மட்டும் சிவப்பில்.

அங்கே உட்கார்ந்து வெளியூர் அணிக்குக் கை தட்டினால் காவலர் வந்து வெளியே அனுப்பிவிடுவார். அக்கா கழுத்துத் துண்டை இழுத்துச் சட்டையின் சின்னத்தை மறைத்தார். "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்," என்றார் என்னிடம். வாயைத் திறக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

பக்கத்து இருக்கையில் பே சோல்கு என்றொரு மீன் வியாபாரி. வயதானவர், ஜப்பானிய மொழி ஓரளவு வரும். "கடல் தாண்டி நம்ம பசங்களுக்காக வந்திருக்கியே, தங்கச்சி! சாப்பிடு," என்று பொரித்த கோழியை நீட்டினார். அக்கா வெட்கமே இல்லாமல் மூன்று துண்டு தின்றார். தின்றுகொண்டே, "அந்த வெள்ளைச் சட்டை ஏழாம் நம்பர் சுத்தச் சோம்பேறிங்க," என்றார்.

"சரியாச் சொன்னே! உதவாக்கரைப் பய!"

இருவரும் கூட்டுச் சேர்ந்து திட்டினார்கள். அக்காவின் கழுத்துத் துண்டு நழுவாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

எண்பத்தெட்டாம் நிமிடம், எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினான். அரங்கம் கப்சிப்பென்று ஆனது. பெரியவரின் கண்கள் கலங்கிவிட்டன. "போச்சு, தங்கச்சி," என்று முனகினார். நல்ல மனிதர், எனக்கே பாவமாக இருந்தது. அக்கா கத்தப்போகிறார் என்று அவர் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவர் எழுந்து பெரியவர் பக்கம் திரும்பி, "ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்று இடுப்பை ஒடித்துக் குனிந்தார். துக்க வீட்டில்கூட நாங்கள் அவ்வளவு குனிய மாட்டோம். குனிந்தவர் நிமிரவே இல்லை. பெரியவர் நெகிழ்ந்துபோய் ஆறுதலாக அவர் தோளைத் தட்டினார். கீழே, இருக்கையின் மறைவில், அக்காவின் இரண்டு முஷ்டிகளும் குதித்துக்கொண்டிருந்தன.