'எய்ல்' என்று முடிக்கும் டாக்டர்

அமெரிக்க டாக்டர் பேசி அனுப்புவதைக் காதில் வாங்கி, ஒரு சொல் விடாமல் டைப் அடிப்பதுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் செகந்திராபாத்தில் ஹெட்ஃபோன் மாட்டிப் பிழைத்த சகபாவிகளே, அந்தக் காதுவலி உங்களுக்கும் மறந்திருக்காது.

பெயரில்லாத நோய்

எனக்கு வாய்த்தவர் ஒரு கிழ டாக்டர். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குவார். ஒரு நோயாளிக்கு ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல் என்றவர், "சம்திங் எய்ல்ஸ் ஹிம்" என்று முடித்தார். அகராதியைப் புரட்டினேன். 'எய்ல்': வாட்டு, வருத்து, பழைய வழக்கு. ஆளை என்னவோ வாட்டுகிறது, என்னவென்று மட்டும் தெரியவில்லை. அதற்கென்றே ஒரு வினைச்சொல்! பிழை பார்க்கும் விமலா உள்ளூர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்; 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று ஹைதராபாத் உருது கலந்துதான் பேசுவாள். அவளிடம் கேட்டேன்.

"அவர் சொன்னா அடிச்சிட்டுப் போடி. கைக்கு யோசிக்கிற?"

மூன்றாவது ஆள்

நாலாம் நாள் அதே நோயாளியின் மரணக் குறிப்பு வந்தது. காரணம் தெரியவில்லையாம். அடுத்த மாதம் ஒரு டீச்சருக்கு 'எய்ல்' என்றார். அந்த அம்மாளும் போய்விட்டாள். பிறகு ஒரு லாரி டிரைவர். விமலா கேலி செய்வாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஹவ், நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

ஒன்பது வயது

அன்றைக்கு வந்தது ஒரு சிறுமியின் ஃபைல். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்பது பின்னால் மெல்லிசாகக் கேட்டது. எல்லாம் நார்மல் என்ற டாக்டர் இருமிவிட்டு, "சம்திங் எய்ல்ஸ் ஹர்" என்றார்.

என் விரல் நகரவில்லை. டாக்டர் சொன்னதில் கை வைத்தால் வேலை போய்விடும். தப்பு என்று தெரிந்தேதான் அந்த ஒரு வரியை அடிக்காமல் விட்டேன். விமலா ஃபைலை இரண்டு தடவை கேட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படியே அனுப்பிவிட்டாள்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலைடி."

புதுக் குரல்

மறுவாரம் அந்தப் பெண் நல்லபடியாக வீடு திரும்பிய குறிப்பு வந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பேசியவர் வேறு யாரோ ஓர் இளம் டாக்டர். அடுத்த ஃபைலும் அவர் குரல்தான். அது ஒரு மரணக் குறிப்பு. பெயர், எங்கள் கிழ டாக்டருடையது. சோதனை எல்லாம் நார்மல். அந்தச் சிறுமியைப் பார்த்த மறுநாள், "சம்திங் எய்ல்ஸ் மீ" என்று சொல்லிப் படுத்தவராம். விமலா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நீ எடுத்துட்ட. அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

பல வருஷம் கழித்து நான் வேலையை விட்டபோது கொடுத்த சர்டிஃபிகேட்டில், டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட விடாதவர் என்று என்னை மெச்சியிருக்கிறார்கள்.