பாதியில் நிற்கும் பாட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்பத்தில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். ஓடைப்பட்டித் தோட்டங்களுக்குப் பன்னீர் திராட்சை விலை பேசப் போனால், விவசாயிகள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

அப்படிப்பட்ட எனக்கும் காரில் பாட்டு வேண்டும். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள், தன் பாட்டு ஆப்பையே என் போனிலும் போட்டுக் கொடுத்தாள். எனக்குப் பிடித்த நூறு பாட்டுகளை அதில் சேர்த்து, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும்படி செய்துவைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட்தான் அத்தா. நான் கேட்டா உங்களுக்கு நின்னுரும், நீங்க கேட்டா எனக்கு நின்னுரும். சண்டைக்கு வரக்கூடாது" என்றாள்.

சின்னமனூர் தாண்டும்போது பாட்டு பட்டென்று நிற்கும். பிள்ளை வகுப்பு முடிந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். நான் வண்டியை ஓரங்கட்டி, வேண்டுமென்றே மறுபடி போடுவேன். அங்கே அவளுக்கு நிற்கும். அவள் போடுவாள். நாலைந்து முறை இழுபறி நடந்த பிறகு மெசேஜ் வரும். "அத்தா, போதும். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க." அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் தோட்டத்தில் எடை போடுவதற்காகக் காத்திருந்தபோது, கடைசியாகக் கேட்ட பாட்டுகள் என்று ஒரு பட்டியல் அந்த ஆப்பில் கண்ணில் பட்டது. என் பாட்டுகள் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் அவளுடையவை. அன்றிலிருந்து தினமும் பார்த்தேன். முதலில் குத்துப்பாட்டுகள் இருந்தன. நோன்புப் பெருநாள் லீவு முடிந்து அவள் போன பிறகு எல்லாமே காதல் பாட்டுகள். அப்புறம் பிரிவுப் பாட்டுகள், நாளுக்கு முப்பது, நாற்பது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கேசட் காலத்தில், வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்போம். பத்தொன்பது வயதில் நான் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தேன். பக்கத்துத் தெருப் பெண்ணுக்காக. கடைக்காரர் படித்துப் பார்த்து, கேசட்டை என்னிடமும் தாளை என் அத்தாவிடமும் கொடுத்துவிட்டார். பெல்ட்டால் அடி வாங்கினேன். மறுநாளே என்னைக் குமுளியில் மாமாவின் ஏலக்காய்க் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் மௌத்தாகி, அடக்கம் செய்தும் பல வருஷமாகிவிட்டது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தத் தாள் பொய் சொல்லவில்லையே. பட்டியல் பொய் சொல்லாது என்று நம்பித்தான் வண்டியை மதுரைக்குத் திருப்பினேன்.

ஹாஸ்டல் வார்டன் மகளை வரவழைத்து, தன் அறையிலேயே எங்களை உட்கார வைத்தார். நான் உட்காரவில்லை. "யாரு அவன்?" என்றேன்.

"எவன் அத்தா?"

என் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். "இதையெல்லாம் நான் கேக்கவே இல்ல அத்தா. ரூம்ல சத்தமா இருக்குன்னு, படிக்கிறப்ப ஒரு பாட்டைப் போட்டுக் காதுல மாட்டிக்கிருவேன். அது முடிஞ்சா அதுவா அடுத்ததைப் போடும். என்ன ஓடுதுன்னுகூடத் தெரியாது."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத."

"அத்தா, மேடம் பாக்குறாக."

நான் அவள் போனைப் பிடுங்கினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதிலிருந்த செய்திகளையெல்லாம் அங்கேயே நின்று படித்தேன். அம்மாவிடம் ஊறுகாய் கேட்டது, தோழிகளிடம் பாடக் குறிப்பு கேட்டது, என்னை ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னது. வேறொன்றும் இல்லை.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, ஒரு குத்துப்பாட்டைப் போட்டு மேசைமேல் வைத்தாள். பாட்டு முடிந்தது. யாரும் தொடாமலே ஒரு காதல் பாட்டு தொடங்கியது. அதுவும் முடிந்து, பிரிவுப் பாட்டு ஒன்று வந்தது. வார்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க அத்தா அடிச்சாக. நீங்க அடிக்கல. அம்புட்டுதான் வித்தியாசம்" என்றாள்.

அடுத்த லீவுக்கு வந்தபோது மகள் என் போனைக் கேட்டு வாங்கினாள். பத்து நிமிடத்தில் திருப்பித் தந்தாள். "உங்களுக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுட்டேன் அத்தா. உங்க நூறு பாட்டும் இருக்கு. இனிமே நிக்காது." மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. மகளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. என் அத்தாவும் கேட்டதில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

இப்போதும் வாரம் மூன்று நாள் ஓடைப்பட்டிக்குப் போகிறேன். சின்னமனூர் வந்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். வண்டியை ஓரங்கட்டி, போன் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.