கையெழுத்தில்லாமல் கோல்கீப்பரை விற்க முடியாது

இன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பழைய கூட்டாளி நஸீரைக் கண்டேன். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களைப்போலக் குடும்பத்தோடு இங்கிருந்து வெளியேற்றப்பட்டவன்.

சுகம்கூட விசாரிக்கவில்லை. “என்ரை கோல்கீப்பரை வித்துப்போட்டியோ?” என்றான்.

சிறுவயதில் நாங்கள் கொப்பியில் வீரர்களின் பெயரெழுதி, பகடை உருட்டி உதைபந்தாட்ட அணிகள் நடத்தினோம். உரிமையாளரின் கையெழுத்தில்லாமல் யாரையும் விற்கக்கூடாது என்பது விதி. அவன் போனபின் எல்லோரும் அந்தக் கோல்கீப்பரைக் கேட்டார்கள். நான் மசியவில்லை. தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோதும் கொப்பியைக் கொண்டுபோனேன்.

“நீ கையெழுத்து வைக்காமல் எப்பிடி விக்கிறது?” என்றேன்.

“ஒப்பந்தம் அந்தப் பருவம் முடியுமட்டும்தானே?”

“எங்கை முடிஞ்சது? உன்ரை ஆட்டம் ஒண்டு இன்னும் கிடக்கு.”

“அப்ப ஞாயிறு வாறன்.”

வயதைப் பற்றி எங்கள் விதிகளில் ஒன்றுமில்லை. இத்தனை வருடம் ஆடாத கோல்கீப்பர் பந்தைப் பிடிப்பாரா? சொல்லுங்கள் பார்ப்போம்.