சாரிகயாவில் நாற்பத்திரண்டு பேர் குறைவு

புவியியல் டீச்சர் ஜூராகான் சாரிகயாவுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தலைநகரில் பிறந்து, தலைநகரிலேயே படித்தவள். அரசு போட்ட உத்தரவுக்காக மூன்று வருஷம் மலைக்குள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வந்த மறுநாள் கடையில் ஒன்றுக்கு இரண்டாக ரொட்டி வாங்கினாள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அவளை வழிமறித்து, "விருந்தாளி யாரு டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்கள். யாருமில்லை, பசிதான் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. எதிர்வீட்டு கலீச்சா மட்டும் ஒரு கிண்ணம் தயிரோடு வந்து நின்றாள்.

"வெறும் ரொட்டி எப்படி எறங்கும்? இந்தா. ஆமா, உங்க ஊரு எம்மாம் பெருசு?"

"ஆறு லட்சம் பேரு."

"ஆத்தாடி! அத்தன பேருக்கும் எப்படி வணக்கம் சொல்லுவீங்க?"

"சொல்றதில்ல."

கலீச்சா தயிர்க் கிண்ணத்தை அவள் பக்கமாக இன்னும் தள்ளினாள். "பாவம்" என்றாள்.

அப்போது சாரிகயாவில் பதினோராயிரம் பேர். நிலக்கரிச் சுரங்கம் மூன்று வேளையும் ஓடியது. சினிமாக் கொட்டகை இருந்தது, இரண்டு பள்ளிக்கூடம் இருந்தது, பன்னிரண்டு கட்டில் போட்ட பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. கணவாயைத் தாண்டி நாற்பத்தேழு கிலோமீட்டரில் தூஸ்பேல். அது உப்பு எடுக்கிற ஊர். இரண்டு ஊரும் எப்போது சந்தித்தாலும் அளவுச் சண்டைதான். கல்யாணப் பந்தியில் தூஸ்பேல்காரர்கள், "உங்க ஊர்ல ஒருத்தன் கொட்டாவி விட்டா கடைசி வீட்டுக்காரனுக்கும் தூக்கம் வந்துடுமாமே" என்பார்கள். "எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கூட்டம்தானேய்யா உங்க ஊரே" என்று சாரிகயாக்காரர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். சிரிப்போடு தொடங்கி, சில சமயம் சட்டை கிழிந்து முடியும்.

மூன்று வருஷம் என்று வந்தவள் சுரங்கத்து எலெக்ட்ரீஷியன் ஜுமாபெக்கைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். மகன் தாலந்த் அந்தப் பன்னிரண்டு கட்டிலில் ஒன்றில்தான் பிறந்தான். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கலீச்சா. சின்ன ஊரில் தனியாக அழ முடியாது என்பது ஜூராகானுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. கதவைத் தட்டாமலே பத்துப் பேர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஜுமாபெக் நெஞ்சுவலியில் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. நாற்பது நாள் கலீச்சா அவளைக் குழாயடிப் பக்கம் போகவிடவில்லை. இரண்டு வீட்டுக்கும் அவளே தண்ணீர் சுமந்தாள்.

அதற்குள் ஊர் சுருங்க ஆரம்பித்திருந்தது. சுரங்கத்தை மூடினார்கள். ரஷ்யக் குடும்பங்களும் ஜெர்மன் குடும்பங்களும் முதலில் கிளம்பின. பிறகு சொந்தப் பிள்ளைகள் கிளம்பினார்கள். தாலந்த் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ரஷ்யாவிலுள்ள யெகாதெரின்புர்க்குக்குப் போனான். கலீச்சாவின் இரண்டு மகன்களும் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனார்கள். அவள் வீட்டில் மிச்சம் இருந்தது கடைக்குட்டி நூர்ஸாத் மட்டும்தான். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

ஜூராகானுக்கு ஐம்பத்து நாலு வயதான வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எட்டு ஆசிரியர்களைப் போட்டார்கள். அவளுக்கு மூன்று தெரு. தொடங்குவதற்கு முந்தின நாள், அவளிடம் படித்த நகரசபை எழுத்தர் அப்தில்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தான்.

"டீச்சர், மாகாண ஆபீஸ்ல ஒரு பேச்சு அடிபடுது. ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே பிரசவ ஆஸ்பத்திரிதானாம். எந்த ஊரு பெருசோ அங்கதான் வைப்பாங்களாம். பேனாவைக் கொஞ்சம் தாராளமா ஓட்டுங்க."

"இல்லாதவங்கள எப்படிடா எழுதுறது?"

"இல்லாதவங்களா? ரஷ்யாவுல இருக்காங்க டீச்சர். செத்தா போயிட்டாங்க?"

ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று படிவத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இல்லாத ஆற்றை வரைபடத்தில் வரையக் கூடாது, அதை நம்பி ஒருவன் தாகத்தோடு வந்து நிற்பான் என்று முப்பது வருஷமாக வகுப்பில் சொல்லி வந்தவள் அவள். தன் வீட்டில்தான் தொடங்கினாள். மகன் பெயர், மருமகள் பெயர், பேரன் பேத்தி பெயர் எதையும் எழுதவில்லை. வீட்டில் உள்ளோர் என்ற இடத்தில் "ஒருவர்" என்று எழுதிப் படிவத்தை மடித்தாள். பிறகு தெருவைத் தாண்டி கலீச்சா வீட்டுக்குப் போனாள்.

கலீச்சா டீ ஊற்றி வைத்துவிட்டு, பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். மகன்கள் பெயர் வந்ததும் ஜூராகான் பேனாவை நிறுத்தினாள்.

"அவங்க இங்க இல்லையே கலீச்சா."

"இல்லைன்னா? அங்க பாரு, பெரியவன் சட்டை ஆணியிலயே தொங்குது. நேத்துதான் துவைச்சுப் போட்டேன். அவன் இந்த வீட்டு ஆளு இல்லேன்னு நீ சொல்லப் போறியா?"

"நான் சொல்லல. படிவம் அப்படிச் சொல்லுது."

"படிவத்துக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்ல?"

"தாலந்தையே நான் எழுதல கலீச்சா."

"அது உன் தலையெழுத்து. எம் பிள்ளைங்கள ஏன் அழிக்கிற?"

ஜூராகான் டீயைக் குடித்து முடித்தாள். அந்த இரண்டு பெயரையும் எழுதாமலேயே எழுந்து வந்தாள். அவள் தெருக்கள் மூன்றிலும் அப்படி விட்டுப்போனவர்கள் அறுபத்து மூன்று பேர். மற்ற ஏழு ஆசிரியர்களும் தாராளமாகத்தான் எழுதியிருந்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கணக்கு வந்தது. தூஸ்பேல் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. சாரிகயா நாலாயிரத்து எண்ணூற்று எழுபது. நாற்பத்திரண்டு பேர் குறைவு. இலையுதிர் காலத்தில் ஒரு லாரி வந்து பன்னிரண்டு கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனது. பார்க்க ஊரே நின்றது. ஊருக்கென்று இருந்த ஒரே ஆம்புலன்ஸும் அந்த லாரிக்குப் பின்னாலேயே போய்விட்டது.

தெருவாரியான கணக்கு எப்படி வெளியே வந்ததோ தெரியாது. ரொட்டிக் கடை வரிசையில் எல்லோர் வாயிலும் அறுபத்து மூன்று என்ற எண் இருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. வணக்கம் சொன்னால் வணக்கம் வந்தது, அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆறு லட்சம் பேர் இருக்கிற ஊரில் என்றால் வேறு கடைக்குப் போயிருக்கலாம். சாரிகயாவில் இருந்தது ஒரே கடை.

அப்போதும் கலீச்சா பேச்சை நிறுத்தவில்லை. "விடு டீச்சர், நாலு நாள் பேசுவானுங்க. அப்புறம் எவனாவது குடிச்சிட்டு வாய்க்கால்ல விழுவான், அதப் பேசப் போயிடுவானுங்க" என்றாள். அவளுக்கும் உள்ளே குமைச்சல் இருந்தது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பிப்ரவரியில் நூர்ஸாத்துக்குப் பிரசவ வலி எடுத்தது, சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே. விடிந்ததும் விடியாததுமாக, பால் ஊற்றுகிற எசென்காலின் வேனில் மெத்தையைப் போட்டுக் கிளம்பினார்கள். கலீச்சாவும் மாப்பிள்ளையும் கூடப் போனார்கள். ஜூராகான் வாசலுக்கு ஓடிவந்து ஒரு கம்பளியை உள்ளே கொடுத்தாள். கலீச்சா அதை வாங்கிக்கொண்டாள். அவர்கள் இருவரும் கையோடு கை பட்டது அதுதான் கடைசி.

கணவாய்க்குக் கீழே பனிச்சரிவு விழுந்து சாலையை மூடியிருந்தது. மாப்பிள்ளையும் எசென்காலும் மண்வெட்டியால் அள்ளிப் பார்த்தார்கள். அள்ள அள்ள மேலிருந்து இன்னும் சரிந்தது. உச்சிவேளைக்குக் குழந்தை வேனுக்குள்ளேயே பிறந்தது. ஆண் குழந்தை. அழுதது. கலீச்சா தன் மார்புத் துணிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள், மூச்சை ஊதி ஊதிச் சூடாக்கினாள். ஒரு மணி நேரம் போல உயிர் இருந்தது. பனி அள்ளும் எந்திரம் வந்து சாலையைத் திறந்தபோது குழந்தைக்காகத் தூஸ்பேலுக்குப் போகத் தேவையில்லாமல் போயிருந்தது. ஆனாலும் ரத்தப்போக்குக்காக நூர்ஸாத்தை அங்கே கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள்.

உயிரோடு பிறந்து மூச்சு விட்ட குழந்தை என்பதால் முல்லா ஒரு பெயர் வைத்தார், ஆண்கள் எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். பெண்கள் ரொட்டி எடுத்துக்கொண்டு கலீச்சா வீட்டுக்குப் போனார்கள். ஜூராகான் தன் வீட்டு ஜன்னலிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்த்தாள். போனால் என்ன நினைப்பார்கள், போகாவிட்டால் என்ன சொல்வார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. கால் நகரவில்லை, அவ்வளவுதான். பிறகு எப்படியோ தலைக்குத் துணி கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

உள்ளே பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் கலீச்சாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். கலீச்சா அழவில்லை. ரொட்டியைப் பிட்டுப் பிட்டு விரிப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்" என்றாள், தலையைத் தூக்காமலே. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தப் புள்ளைய எந்தக் கட்டத்துல எழுதுவ? வந்ததுலயா, போனதுலயா?"

ஜூராகான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பெண் எழுந்து போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து கலீச்சா அவளிடம் பேசவில்லை.

தாலந்த் போனில் கெஞ்சினான். "அம்மா, இங்க வந்துடு. பதினஞ்சு லட்சம் பேரு இருக்கிற ஊரு. நீ யாருன்னே எவனுக்கும் தெரியாது."

"அதுக்காகத்தான் வரல" என்றாள் அவள். அவனுக்குப் புரிந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வசந்தத்தோடு பள்ளிக்கூட வேலையை விட்டாள். தூஸ்பேலுக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில், உம்சுனாய் என்ற விதவையின் வீட்டில் குளிர்காலத்துக்கு மட்டும் இரண்டு அறை பிடித்தாள். பனி விழுவதற்கு முன்னால், குளிர்காலத்தில் பிரசவத் தேதி இருந்த சாரிகயாப் பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். முதல் வருஷம் இரண்டே பேர் வந்தார்கள். ஒருத்தியின் மாமியார் கதவைப் பாதி திறந்து, "கணக்கெடுக்க வந்தியா?" என்று கேட்டாள். மருமகளை அனுப்பத்தான் செய்தாள்.

குளிர்காலம் முழுக்க ஜூராகான் அந்தப் பெண்களுக்குச் சூப் வைத்தாள், துணி துவைத்தாள், வலி வந்தால் இரண்டு தெரு நடத்திக்கொண்டு போனாள். உம்சுனாய்க்கு வாய் ஓயாது. ஒருநாள் டீக்கு நடுவில் சொன்னாள்:

"அந்தக் கணக்கெடுப்புல எங்க தெருவுல என்ன கூத்து தெரியுமா அக்கா? ரஷ்யாவுக்குப் போனவன் அத்தன பேரையும் எழுதினாங்க. போதாதுன்னு செத்துப்போன எம் மாமனாரையும் சேத்துட்டாங்க! பெரிய ஊராகணும்ல!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

ஜூராகான் கோப்பையைக் கீழே வைத்தாள். தூஸ்பேலும் உண்மையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனை தடவை கணக்குப் போட்டாளோ. போட்டு முடித்த ஒவ்வொரு தடவையும் அந்த வேன் பனியில் நின்றுகொண்டுதான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, நவம்பரில், நூர்ஸாத் மூட்டையோடு அவளுடைய தூஸ்பேல் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வயிறு ஏழு மாதம்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மூட்டையக் கட்டினதே அவங்கதான். உங்க பேரு மட்டும் சொல்லல."

பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. பிறந்த ஊர் என்ற இடத்தில், எல்லாக் குழந்தைகளுக்கும் போலவே, தூஸ்பேல் என்று எழுதிக் கொடுத்தார்கள். சாலை திறந்ததும் ஜூராகான் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டாள். கலீச்சா வந்து மகள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திறந்து பார்த்தாள், நெற்றியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் ஜூராகானின் படியில் ஒரு பாத்திரம் நிறைய, மாவை வெட்டிப் பொரித்த போர்சோக் இருந்தது. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த சூடு, மேலே துணி. அவள் அதைத் தின்றாள், பாத்திரத்தைக் கழுவித் திரும்ப எதிர்வீட்டுப் படியில் வைத்தாள். அந்தப் பாத்திரம் பிறகு வரவில்லை.

ஒன்பது குளிர்காலத்தில் முப்பத்தெட்டுக் குழந்தைகள். ஊரில் மெல்ல மெல்ல மறுபடியும் அவளோடு நின்று பேசினார்கள். ரொட்டிக் கடையில் இடம் விட்டார்கள். எதிர்வீடு மட்டும் அப்படியே இருந்தது. ஜூராகான் ஊரில் இருக்கிற நாளெல்லாம் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாம்பல் கொட்ட வெளியே வருவார்கள். கலீச்சா கொட்டிவிட்டு உள்ளே போவாள்.

கடைசியில் அவள் மகன்கள் மாஸ்கோவிலேயே வீடு வாங்கி, எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். செப்டம்பரில் சாமான் ஏற்ற வண்டி வந்தது. எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு கலீச்சா தெருவைக் கடந்து வந்து, ஜூராகானின் வேலிக்கு வெளியே நின்றாள். இருவருக்கும் தலை வெளுத்துவிட்டிருந்தது.

"கொட்டாயில பாதி கரி கெடக்கு. எடுத்துக்க" என்றாள்.

"கலீச்சா..."

"மனசு ஆறிடுச்சுன்னு நெனைக்காத. ஆறல. கரி வீணாப் போகக் கூடாது."

"சரி" என்றாள் ஜூராகான்.

"மூட்டு வலிக்குதாமே ஒனக்கு. ஒரேயடியாச் சுமக்காத. ரெண்டு மூணு நாளா எடு."

வண்டி திரும்பி, கீழே பாலத்தைத் தாண்டிப் போனது. தெருவில் இன்னும் ஆறு வீட்டில் ஆள் இருந்தது. ஜூராகான் உள்ளே போய் வாளியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கொட்டகைக்குப் போனாள். மூன்று நாள் எடுத்தது. நாலாவது நாள், காலியான கொட்டகையைப் பெருக்கி, கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டு வந்தாள்.