‘சக்கர நாற்காலி வசதி உண்டு’

உங்களைக் கேட்காமலே ஒருவர் உங்கள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினால் சும்மா இருப்பீர்களா? சட்டையைப் பிடித்துவிடுவீர்கள். தையல்காரி சும்மா இருந்தாள்.

பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். மெஷினின் மோட்டார் பெடலை மேஜைமேல் ஏற்றிவைத்து முழங்கையால் அழுத்துவாள். எதிரே ஜன்னல், ஜன்னல் நிறைய, ஊர் நடுவே நிற்கும் குன்று. கீழேயிருந்து அதைப் பார்த்துச் சலித்தவளுக்கு, அங்கேயிருந்து ஊரை ஒருதரம் பார்க்க ஆசை. அதுவும் யார் தயவும் இல்லாமல், தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

வேன் ஓட்டும் தம்பி ஒருநாள் போனை நீட்டினான். குன்றின் வாசலில் உள்ள பலகையின் படம்: ‘சக்கர நாற்காலி வசதி உண்டு.’

“பாத்தியாக்கா? உனக்குன்னே மலையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு!”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வேன் நிற்குமிடம் வரை சாலை. அதற்குமேல் படிகள்தான்.

“வசதி இருக்குன்னு போட்டிருக்கே, வழி எங்க?” என்றான் தம்பி.

“இருக்கே சார்,” என்றார் காவலாளி. “மேல ஒரு வீல்சேர் வச்சிருக்கோம்.”

“மேலயா? இவங்க ஏற்கெனவே வீல்சேர்லதானய்யா உக்காந்திருக்காங்க!”

“அது அவங்க சொந்தம். இது நிர்வாகத்தோடது.” காவலாளி கேலி செய்யவில்லை. “தூக்கிடலாம் சார். அவங்க என்ன எடை இருப்பாங்க?”

“என்னையே கேளுங்க,” என்றாள் அவள். “வாய் நல்லாத்தான் இருக்கு.”

அவர் கேட்கவில்லை. பின்னாலிருந்து கையைக் கொடுத்தார். தம்பி கால்களைப் பிடித்தான். கடந்துபோன ஒரு அம்மாள், “பாவம், தலையெழுத்து,” என்று உச்சுக் கொட்டினார்.

தலையெழுத்தா? அந்தப் படிகளை ஒருவர் வரைந்தார், ஒருவர் கையெழுத்துப் போட்டார், ஒருவர் ரிப்பன் வெட்டினார். பெயர்களைக் கல்லில் பொறித்து முதல் படியருகே பதித்தும் வைத்திருக்கிறார்கள்.

உச்சியில் நிர்வாகத்தின் நாற்காலி காத்திருந்தது. காற்றில்லாத சக்கரம், கால் வைக்கும் பலகையும் இல்லை. அதில் அவளை இருத்தி, ஊர் தெரியும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான் தம்பி. அங்கே கைப்பிடிச் சுவர். நிற்பவர்களுக்கு மார்பளவு, அவளுக்கு நெற்றிவரை. வெள்ளையடித்த சுவரும் அதற்குமேல் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

“தூக்கிக் காட்டட்டுமாக்கா?”

“வேணாம்டா. தூக்கினது போதும்.”

அவன் சுவருக்கு மேல் கையை நீட்டிப் படமெடுத்து வந்து காட்டினான். உள்ளங்கை அகலத்தில் ஊர்.

“நல்லா இருக்கா?”

“ம். நல்லா இருக்கு.”

கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. உணர்வற்ற காலைக் கிள்ளினால் எப்படியோ, அப்படி இருந்தது நெஞ்சு. பக்கத்தில் ஒரு குடும்பம் அவரவர் வீட்டு மொட்டைமாடியைத் தேடிச் சிரித்துக்கொண்டிருந்தது. “போலாம்டா,” என்றாள்.

அடுத்தமுறை இப்படியொரு உச்சிக்குப் போனால், சுவரோரம் ஒரு நிமிடம் குந்தி உட்கார்ந்து, என்ன தெரிகிறதென்று பாருங்கள். பிறகு எழுந்து நேரே நிர்வாக அலுவலகத்துக்குப் போய், வழி எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.