கயிறும் ஏழாவது மலையும்

என் தம்பி மகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கயிறு என்றுதான் சொல்வார்கள். முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது அவன் வேலை. கீழே நின்று பார்த்தால் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி தெரிவான். தம்பி போன பிறகு ஐந்து வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை. எனக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

நான் வேலை பார்த்தது மலையேறுவோர் சங்கத்தில். கூடம் பெருக்குவேன், கமிட்டி கூடினால் டீ கொடுப்பேன். கயிறு கட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர்கள் தேடியபோது நானேதான் இவனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வினையை நான் யார் தலையிலும் போட முடியாது.

அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஒவ்வொரு கண்டத்திலும் எது உயரமான மலையோ அது ஒன்று, ஆக ஏழு. ஏழின் உச்சியையும் தொட்டவர் பெயர் மட்டும் பலகையில் ஏறும். பெயர் ஏறியவர்தான் அடுத்த குழுவுக்குத் தலைவராகப் போகலாம். மற்றவர்கள் சுமை தூக்கலாம், கயிறு கட்டலாம். எனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் டீ ஊற்றிக்கொண்டே கேட்டுக் கேட்டு ஏழு பெயரும் தண்ணீர் பட்ட பாடு.

கயிறு முதலில் கிளிமஞ்சாரோ போனான். பிறகு எல்ப்ரஸ், அகொன்காகுவா, எவரெஸ்ட். பனியைத் தவிர ஒன்றுமில்லாத தென்துருவக் கண்டத்துக்குப் போய் வின்சனும் ஏறினான். சங்கத்துப் பல் டாக்டரும் கான்ட்ராக்டரும் உச்சியில் கொடி பிடித்து நிற்கும் படங்களில் ஓரமாக இவன் முழங்கை தெரியும். "கல்யாணம் பண்ணிக்கடா" என்றால், "இன்னும் ரெண்டுதான் அத்தை, முடிச்சிட்டு பண்ணிக்கறேன்" என்பான். பெண் கேட்டு வந்த இடமெல்லாம் கை நழுவிப் போயிற்று.

ஆறாவது, வட அமெரிக்காவில் இருக்கும் டெனாலி. அங்கே புயலில் கூடாரம் பறக்காமல் இருக்க, பத்து மணி நேரம் வெளியே நின்று கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தானாம். உள்ளே இருந்தவர்கள் சூப் குடித்திருக்கிறார்கள். புயல் ஓய்ந்ததும், பனியில் மரத்துப்போன காலோடேயே அவர்களை உச்சிக்கு ஏற்றி இறக்கினான். ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் வலது காலில் ஐந்து விரலையும் இடது காலில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த சங்கத்துச் செயலாளர், போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆறு மலைக்கு ஏழு விரலா? ஒண்ணு அட்வான்ஸ் போலிருக்கு கயிறு!"

இவனும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் படுத்திருந்த வாரம் கமிட்டி கூடியது. ஆஸ்திரேலியப் பக்கத்தில் எது உயரம் என்பதில் மலைக்காரர்களுக்குள் தீராத வழக்கு. நிலப்பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் கோசியஸ்கோ. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே போய் வரலாம். பக்கத்துத் தீவையும் சேர்த்தால் புன்சாக் ஜயா. அது நெட்டுக்குத்தான பாறை, கால் விரலை ஊன்றித்தான் ஏற வேண்டும். அதுவரை எது ஏறினாலும் சரி என்றிருந்தார்கள். அன்றைக்குக் கை தூக்கி, இனிமேல் பாறைதான் என்று முடிவு பண்ணினார்கள். புது விதி காதுக்கு எட்டாமல் நடந்து போய் வருபவருக்கு மட்டும் பழைய விதி செல்லும்.

"நடந்து போனவன் பேரெல்லாம் ஏத்தினா பலகைக்கே கேவலம்" என்றார் செயலாளர். அவரே நடந்து போனவர்தான்.

நான் டம்ளர்களைப் பொறுக்கும்போது, "ஏம்மா, உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் புண் ஆறுவதற்குள் அந்தப் பாறைக்குக் கிளம்பிவிடுவான். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நாலு மாதம் கழித்து, ஷூவுக்குள் பஞ்சடைத்துக்கொண்டு கோசியஸ்கோ போய்வந்தான். கமிட்டியில் படத்தை நீட்டினான். அந்த ஒரு படத்தில்தான் அவன் முழு முகமும் இருந்தது. செயலாளர் அதைத் தொடக்கூட இல்லை.

"இது செல்லாது கயிறு. விதி மாறிடுச்சே."

"யாரும் சொல்லலையே சார்!"

"உங்க அத்தைகிட்டதானே சொல்லி அனுப்பினேன்."

தலைவர் நல்ல மனுஷர். தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். "நீங்க சொல்ல மறந்திருந்தா ஒண்ணும் குத்தமில்லம்மா. பழைய விதிப்படி இவர் பேரை ஏத்திடலாம். அடுத்த வருஷ எவரெஸ்ட் குழுவுக்கு இவர்தான் தலைவர். விரல் இல்லாம ஏறினவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. சொன்னீங்களா, இல்லையா?"

கயிறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாசலில் நான் வருகிறேனா என்று பார்ப்பானே, அதே பார்வை.

"சொன்னேன்" என்றேன்.

"அத்தை!"

"சொன்னேன்டா. ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். சரி சரின்னு தலையாட்டினியே."

யாரோ பின்னாலிருந்து, "கயிறு திரிக்கப் பார்த்திருக்கு" என்றார்கள். கூடமே சிரித்தது. புளுகினவன் என்ற பட்டம் கட்டி, சங்கத்திலிருந்தே அவனை நீக்கினார்கள். எனக்கு வேலை போகவில்லை. அன்றைக்கும் டம்ளரெல்லாம் கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து அவன் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான். விரலில்லாத ஆளைக் கட்டடத்தில் தொங்கவிட யாரும் தயாரில்லை. கீழே நின்று வாளி நிரப்பிக் கொடுக்கிறான்.

மறு வருஷம் எவரெஸ்டுக்குப் போன குழுவை டிவியில் காட்டினார்கள். இவன் போயிருக்க வேண்டிய இடத்தில் செயலாளரின் மச்சான் தலைவராகப் போயிருந்தான். நான் கொடுத்து வைத்தவளாக இருந்தால், அவனைப் போகவிடாமல் தடுத்தது சரியென்று காட்ட நாலு பேராவது செத்திருக்க வேண்டும். அப்படி நினைத்தேன், மறைக்கவில்லை. பத்துப் பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பியிருந்தார்கள்.

"பாத்தீங்களா? எல்லாரும் வந்துட்டாங்க" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய பேச்சு அதுதான். முன்பெல்லாம் வா, போ என்றுதான் பேசுவான்.

"நீயும் இருக்கியேடா" என்றேன்.

தவறு என்று ஒப்புக்கொள்ளச் சொன்னால் இன்றைக்கும் மாட்டேன். நாளைக்கு அதே கூடத்தில் நிறுத்தி அதையே கேட்டாலும், சொன்னேன் என்றுதான் சொல்வேன். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். படி இறங்கும்போது, பிடித்துக்கொள்ளட்டும் என்று கை நீட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.